திரையில் வரும் எண் வேகம் அல்ல

டயல்-அப் மோடம் வைத்திருந்த யாரைக் கேட்டாலும் ஓர் எண்ணைச் சொல்வார்கள். ஒருவர் தமக்கு 48 கிடைத்தது என்பார். இன்னொருவர் தம் ஏரியாவில் 31-ஐத் தாண்டவே தாண்டாது என்பார். கீச்சொலியும் இரைச்சலும் ஓய்ந்து இணைப்பு கிடைத்ததும் திரையின் மூலையில் தோன்றிய எண் அது. அந்த எண்ணே இணைப்பின் தரம் என்று அன்று நம்பினார்கள். அந்தக் காலத்தைப் பற்றி இன்று பேசுபவர்களும் அதையே சொல்கிறார்கள். மோடத்தை எப்படி அமைப்பது என்ற கேள்விக்கும் அந்த நம்பிக்கைதான் பதில் சொன்னது: எண்ணை ஏற்று. இந்தப் பதில் தவறு. அதைப் பின்பற்றியவர்கள் நேரத்தையும் பணத்தையும் இழந்தார்கள்.

எதிர்த்தரப்பு சொல்வதை முதலில் குறைக்காமல் எடுத்து வைக்கிறேன். அவர்கள் வாதம் நான்கு கூறுகள் கொண்டது. இணையும்போது வரும் எண் எவ்வளவு பெரிதோ, கோப்பு அவ்வளவு விரைவாக இறங்கும். அந்த எண்ணைப் பெரிதாக்க, மோடத்துக்குத் தொடக்கத்தில் கொடுக்கும் கட்டளை வரி ஒன்று உண்டு. தெரிந்தவரிடம் வாங்கி அப்படியே போட்டால் போதும். பிழைதிருத்தம் போன்றவை கூடுதல் சுமை. நிறுத்தினால் வேகம் கூடும். இத்தனைக்கும் பிறகு எண் ஏறவில்லை என்றால் லைன் சரியில்லை. அது நம் கையில் இல்லை.

இந்த வாதம் வெறும் அறியாமையில் பிறந்ததல்ல. தொலைபேசி லைன் சுமக்கக்கூடிய தகவலுக்கு உச்ச வரம்பு ஒன்று உண்டு என்பதைக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1948-லேயே நிறுவிவிட்டார். குரலுக்கு ஒதுக்கிய சுமார் 3,100 ஹெர்ட்ஸ் அகலத்தில், இரைச்சலைவிடக் குரல் 35 டெசிபெல் ஓங்கியிருந்தால், வினாடிக்கு ஏறத்தாழ 36,000 பிட்டுக்கு மேல் போக முடியாது. 1994-ல் வந்த வி.34 தரம் 28,800 பிட்டையும், 1996-ல் விரிந்தபோது 33,600 பிட்டையும் எட்டியது. அந்த வரம்பின் விளிம்பு வரை அது போய்விட்டது. (அதையும் தாண்டிய வி.90 தரத்தை ஆறாம் பகுதியில் பார்ப்போம்.) எனவே லைன்தான் முதல் தடை என்பதில் எனக்கு மறுப்பில்லை. பயன்படுத்துபவர் கண்ணில் பட்ட ஒரே அளவு அந்த எண்தான் என்பதும் உண்மை. கண்ணில் பட்டதையெல்லாம் அளவுகோலாக்கியதுதான் கோளாறு.

வேகம் என்பது ஒரு நிமிடத்தில் பிழையில்லாமல் வந்து சேர்ந்த பைட்டுகளின் எண்ணிக்கை. மோடத்தை அமைக்கும்போது எடுக்கும் ஒவ்வொரு முடிவும் இந்தக் கணக்குக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். இதை வைத்துக்கொண்டு அந்த வாதத்தின் கூறுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. அந்த எண் எதை அளக்கிறது?

கணினிக்கும் மோடத்துக்கும் நடுவே ஓர் இணைப்பு. உங்கள் மோடத்துக்கும் மறுமுனை மோடத்துக்கும் நடுவே இன்னோர் இணைப்பு. இரண்டின் வேகமும் வேறு வேறு. "கனெக்ட் 115200" என்று வந்தால் மகிழ்ந்தவர்கள் பலர். அது முதல் இணைப்பின் வேகம். அதாவது கணினியின் சீரியல் போர்ட்டுக்கு நீங்களே வைத்த எண். லைனில் 24,000 பிட் ஓடினாலும் அதே 115200தான் வரும். லைன் வேகத்தைக் காட்டு என்று மோடத்துக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ராக்வெல் சில்லு கொண்ட மோடங்களில் அதற்கு டபிள்யூ2 என்ற கட்டளை உண்டு.

சரி, லைன் வேகத்தையே காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அது, இரு மோடங்களும் வேகத்தை ஒத்துக்கொள்ளும் கைகுலுக்கல் முடிந்த அந்தக் கணத்தின் வேகம் மட்டுமே. வி.34, வி.90 மோடங்கள் பேச்சின் நடுவிலும் வேகத்தை ஏற்றி இறக்கிக்கொள்ளும். லைன் கெட்டால் 44,000 பிட்டில் தொடங்கியது 28,000 பிட்டுக்கு இறங்கும். திரை மூலையிலிருக்கும் எண் மாறுவதில்லை. அரை மணி நேரத்துக்கு முன் முடிந்துபோன ஒரு கணத்தின் அளவைப் பார்த்துக்கொண்டு, இப்போது ஓடும் இணைப்பைப் பாராட்டுவதில் என்ன பொருள் இருக்கிறது?

2. பெரிய எண்ணுக்கு விலை கொடுப்பது யார்?

மோடத்தை அதன் உச்சத்தில் இணையச் சொன்னால், லைன் தாங்கக்கூடிய விளிம்பில் போய் நிற்கும். சிறு இரைச்சல் வந்தாலும் இரு மோடங்களும் பேச்சை நிறுத்தி, லைனை மறுபடி அளந்து, மறுபடி ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கும். இதை ரீட்ரெயின் என்பார்கள். வெளியே வைக்கும் மோடத்தின் முகப்பில் இதை நேராகப் பார்க்கலாம். மறுமுனை மோடத்தின் ஒலியான கேரியர் இருப்பதைக் காட்டும் சிடி விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். தகவல் வருவதைக் காட்டும் ஆர்டி விளக்கு அணைந்து, பல வினாடிகள் அப்படியே கிடக்கும். திரையில் எண் மாறாது, இணைப்பும் அறுந்திருக்காது. ஒரு பைட்கூட வந்திருக்காது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 48,000 பிட் என்றால் வினாடிக்கு 6,000 பைட். நிமிடத்துக்கு ஒரு ரீட்ரெயின், ஒவ்வொன்றும் 15 வினாடி என்று கொண்டால், மிஞ்சிய 45 வினாடியில் 2,70,000 பைட் வரும். 40,000 பிட்டில் அலுங்காமல் நின்ற இணைப்பு அதே நிமிடத்தில் 3,00,000 பைட் தரும். நிமிடத்துக்கு இரண்டு ரீட்ரெயின் என்றால் 48,000-த்தின் கணக்கு 1,80,000-க்கு விழும். அப்போது வெறும் 33,600 பிட் இணைப்பே 2,52,000 பைட்டுடன் அதை முந்திவிடும். ஆகவே உச்ச வேகத்துக்கு ஒரு வரம்பு கட்டி, ஒன்றிரண்டு படி கீழே இணையச் சொல்வதுதான் மோசமான லைனில் வேகத்தைக் கூட்டும் வழி. அதற்கு +எம்எஸ் கட்டளை இருந்தது. எண் குறைகிறதே என்று அதைத் தொட மறுத்தவர்கள் மெதுவான இணைப்பைத் தாமே தேர்ந்தெடுத்தார்கள்.

நம் ஊரில் இது பணக் கணக்காகவும் இருந்தது. அன்றைய அரசு நிறுவனமான விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது சென்னையும் அந்த முதல் நகரங்களில் ஒன்று. அன்று முதல் டயல்-அப் வாடிக்கையாளர் இணைய மணிநேரத்துக்கு ஒரு பக்கமும், தொலைபேசி மீட்டருக்கு இன்னொரு பக்கமும் பணம் கட்டினார். அறுந்த இணைப்பை மறுபடி டயல் செய்தால் அது புதிய அழைப்பு. ரீட்ரெயினில் ஊமையாக நின்ற வினாடிகளுக்கும் மீட்டர் ஓடியது. எண்ணை ஏற்றச் சொன்னவர்கள் இந்தச் செலவைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

3. பிழைதிருத்தம் சுமையா?

இல்லை, அதை நிறுத்துவதுதான் சுமை. பிழைதிருத்தம் இல்லாத இணைப்பில் ஒவ்வொரு எழுத்தும் 8 பிட் தகவலோடு, தொடக்கத்துக்கு ஒன்றும் முடிவுக்கு ஒன்றுமாக 10 பிட்டாக லைனில் போகிறது. 28,800 பிட் லைன் வினாடிக்கு 2,880 எழுத்தைத்தான் தரும். வி.42 பிழைதிருத்தம் இயங்கினால் அந்த இரண்டு பிட்டும் உதிர்க்கப்படும். எழுத்துகள் 128 பைட் வரை கொண்ட சட்டகங்களாகக் கட்டப்பட்டு, தொடர்ச்சியாக ஓடும். சட்டகத்தின் தலையும் வாலும் சரிபார்ப்பு எண்ணும் எடுத்துக்கொள்வதைக் கழித்தாலும் 3,300-க்கு மேல் தேறும். நிறுத்தினால் வேகம் கூடும் என்று சொன்ன அம்சம், உண்மையில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் வேகத்தைச் சேர்க்கிறது.

பிழை நேரும்போது வித்தியாசம் இன்னும் பெரிது. வி.42 இருந்தால் மோடங்களே கெட்ட சட்டகத்தை உடனே திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளும். அது இல்லையென்றால் பிழை கணினி வரை ஏறிவரும். அங்கே ஒரு முழுப் பொதி தூக்கி எறியப்படும். மறுமுனை காத்திருந்து, பதில் வராததைக் கண்டு, முழுப் பொதியையும் மறுபடி அனுப்பும். 128 பைட்டோடு முடிய வேண்டிய இழப்பு 1,500 பைட்டாகும். காத்திருந்த நேரம் தனி.

தகவலைச் சுருக்கி அனுப்பும் வசதியைப் பற்றியும் இதே குழப்பம். பழைய எம்என்பி 5, ஏற்கெனவே சுருக்கிய ஜிப் கோப்பை மேலும் சுருக்கப் பார்த்துப் பெருக்கிவிடும் என்பது உண்மை. 1990-ல் வந்த வி.42பிஸ், சுருக்க முடியாததைக் கண்டால் அதை அப்படியே விட்டுவிடும். எம்என்பி 5-இன் குறையை வி.42பிஸ் தலையில் கட்டி, இரண்டையும் சேர்த்து நிறுத்தியவர்கள், மின்னஞ்சலும் இணையப் பக்கங்களும் பாதி அளவுக்குச் சுருங்கி வரக்கூடிய வாய்ப்பை இழந்தார்கள்.

4. சீரியல் போர்ட்டை ஏன் யாரும் பார்க்கவில்லை?

லைன்மேனைக் குறை சொன்னவர்கள் தம் கணினியின் பின்புறத்தைப் பார்க்கவில்லை. சீரியல் போர்ட்டை இயக்குவது யூஆர்ட் என்னும் சில்லு. பழைய 8250, 16450 சில்லுகளில் ஒரே ஓர் எழுத்துக்குத்தான் இடம். போர்ட் 115,200 பிட்டில் ஓடும்போது 87 மைக்ரோவினாடிக்கு ஓர் எழுத்து வந்து விழும். அதற்குள் கணினி வந்து எடுக்காவிட்டால் அடுத்த எழுத்து அதன் மேல் விழுந்து, முந்தையது தொலைந்துபோகும். வன்தட்டில் எழுதிக்கொண்டிருக்கும் விண்டோஸ் ஒவ்வொரு முறையும் அந்த நேரத்துக்குள் வந்து சேராது. 16550ஏ சில்லில் 16 எழுத்துக்கு இடம் உண்டு; அந்த இடத்தை ஃபிஃபோ என்பார்கள். அதை இயக்க, விண்டோஸில் ஃபிஃபோவைப் பயன்படுத்து என்ற ஒரு டிக் போட வேண்டும்.

இங்கே தொலையும் எழுத்தை வி.42 காப்பாற்றாது என்பதைக் கவனியுங்கள். அதன் காவல் மோடத்திலிருந்து மோடம் வரை மட்டுமே. லைன் சுத்தம், எண் பெரிது, பிழைதிருத்தம் இயங்குகிறது. ஆனாலும் கோப்பு ஊர்கிறது என்று புலம்பியவர்களின் எழுத்துகள் மோடத்துக்கும் கணினிக்கும் நடுவில் இருக்கும் சிறு கேபிளின் முனையில் தொலைந்துகொண்டிருந்தன.

இதன் மறுபக்கம் ஃப்ளோ கன்ட்ரோல். மோடம் நிரம்பும்போது நிறுத்து என்றும், காலியானதும் அனுப்பு என்றும் சொல்லும் ஏற்பாடு இது. அதைத் தனிக் கம்பிகளில் சொல்வது ஆர்டிஎஸ்/சிடிஎஸ் முறை. தகவலுக்கு நடுவிலேயே 17, 19 என்ற மதிப்புள்ள எழுத்துகளை நுழைத்துச் சொல்வது எக்ஸான்/எக்ஸாஃப் முறை. படக் கோப்பிலும் ஜிப் கோப்பிலும் அதே 17-உம் 19-உம் இயல்பாகவே வரும். அங்கே இந்த முறையை வைத்தால் கோப்பின் ஒரு பைட்டை மோடம் கட்டளை என்று எடுத்துக்கொண்டு நின்றுவிடும். ஆர்டிஎஸ்/சிடிஎஸ் வைத்து, போர்ட் வேகத்தை லைன் வேகத்தைவிடப் பல மடங்கு மேலே வைப்பதே சரி. போர்ட்டை 19,200 பிட்டில் விட்டுவிட்டு 33,600 மோடம் வாங்கியவர், வாங்கியதில் பாதியைத்தான் பயன்படுத்தினார். இதில் எதுவும் இணைப்பு எண்ணில் தெரியாது.

5. அந்தக் கட்டளை வரி யாருடைய மோடத்துக்கு எழுதப்பட்டது?

ஏடி என்று தொடங்கும் கட்டளைகள் ஹேய்ஸ் நிறுவனம் 1981-ல் கொண்டுவந்த ஸ்மார்ட்மோடத்திலிருந்து வந்தவை. அடிப்படைக் கட்டளைகளை எல்லோரும் பின்பற்றினார்கள். மேலதிகக் கட்டளைகளை ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் வைத்துக்கொண்டது. ராக்வெல் சில்லு மோடத்தில் &கே3 என்றால் ஆர்டிஎஸ்/சிடிஎஸ்ஸை இயக்கு என்று பொருள். யுஎஸ் ரோபோடிக்ஸ் மோடத்தில் அதே &கே3 தகவல் சுருக்கத்தைப் பற்றிய கட்டளை; ஃப்ளோ கன்ட்ரோலுக்கு அங்கே &எச்1, &ஆர்2 என்று கொடுக்க வேண்டும். ஒரு மோடத்தின் வரியை இன்னொன்றில் ஒட்டியவருக்கு ஓகே என்றுதான் பதில் வரும். மோடம் புகார் செய்யாது. ஃப்ளோ கன்ட்ரோல் இல்லாமலே ஓடும்.

மோடத்தின் அமைப்பு எண்களை வைத்திருக்கும் எஸ் பதிவேடுகளில் விளையாடச் சொன்னவர்கள் செய்தது இதைவிட மோசம். கேரியர் மறைந்தால் எத்தனை பத்தில் ஒரு வினாடி பொறுத்திருப்பது என்பதைச் சொல்வது எஸ்10. வழக்கமாக அது 14, அதாவது 1.4 வினாடி. இரைச்சல் மிகுந்த லைனில் அதை ஐந்தாறு வினாடிக்கு உயர்த்துவது நல்ல யோசனை. ஆனால் கையில் கிடைத்த வரிகள் பலவற்றில் 255 என்றிருக்கும். பல மோடங்களில் அதன் பொருள், கேரியர் போனாலும் இருப்பதாகவே நினைத்துக்கொள் என்பது. மறுமுனை போன பிறகும் நம் மோடம் லைனைக் கீழே வைக்காது. எஸ்11-ஐக் குறைத்து வேகமாக டயல் செய்யச் சொன்னார்கள். அதில் மிஞ்சுவது ஒரு வினாடிகூடத் தேறாது, எக்ஸ்சேஞ்ச் ஓர் இலக்கத்தைத் தவறவிட்டால் அழைப்பே வீண். கோப்பு இறங்கும் வேகத்துக்கும் டயல் செய்யும் வேகத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

மோடத்தோடு வந்த கையேட்டைத் திறந்து, தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பி, அங்கிருந்து தேவையான ஒன்றிரண்டை மட்டும் மாற்றுவதே முறை. ராக்வெல் வகைக்கு &எஃப், யுஎஸ் ரோபோடிக்ஸுக்கு &எஃப்1. பெரும்பாலான வீடுகளுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்பட்டதில்லை.

6. லைன் விதி என்று கைவிடலாமா?

இரண்டு விஷயங்களை ஒன்றாகக் குழப்பியதால் வந்த விரக்தி இது. கட்டளையால் மாற்ற முடியாதது ஒன்று உண்டு. 1998-ல் வந்த வி.90, இணைய நிறுவனத்தின் முனையிலிருந்து உங்கள் எக்ஸ்சேஞ்ச் வரை எல்லாம் டிஜிட்டலாக இருந்தால்தான் இயங்கும். வினாடிக்கு 8,000 மாதிரி, மாதிரிக்கு 7 பிட்; 56,000 என்ற எண் வந்தது அப்படித்தான். நடுவில் இன்னொரு முறை அனலாகாக மாறி மீண்டால் அந்தக் கணக்கு உடையும். அலுவலக இன்டர்காம் எக்ஸ்சேஞ்சுக்குப் பின்னால் வைத்த மோடத்துக்கு 56கே கிடைக்காமல் போவதற்கு இதுவே வழக்கமான காரணம். அங்கே வி.90-ஐ முயலவே வேண்டாம் என்று அணைத்து, வி.34-இல் நிறுத்துவது இணையும் நேரத்தை மிச்சப்படுத்தும்.

கையால் மாற்றக்கூடியது இன்னொன்று, வீட்டுக்குள் இருக்கும் கம்பி. ரிசீவரை எடுத்து ஏதாவது ஓர் எண்ணை அழுத்துங்கள். டயல் டோன் அடங்கிச் சில வினாடி அமைதி வரும். அந்த அமைதியில் கரகரப்போ உறுமலோ கேட்டால், மோடம் அதன் மேல்தான் பேசியாக வேண்டும். லைன் வீட்டுக்குள் வந்து சேரும் ரோசெட் பெட்டியைத் திறந்தால் பச்சைக் களிம்பு பிடித்த திருகும், முறுக்கிச் சுற்றி டேப் ஒட்டிய இணைப்பும் இருக்கும். படுக்கையறைக்கும் மாடிக்கும் இழுத்த இணைத் தொலைபேசிகள் அதே கம்பியில் தொங்கும். யாராவது ரிசீவரைத் தூக்கினால் இணைப்பு அதோடு போச்சு. இணைத் தொலைபேசிகளைக் கழற்றி, திருகைச் சுரண்டி, ரோசெட்டிலிருந்து மோடத்துக்கு நல்ல கம்பி ஒன்றை நேராக இழுத்த பிறகும் கரகரப்பு இருந்தால் மட்டுமே அது தொலைபேசி நிறுவனத்தின் பொறுப்பு. அப்போது புகார் கொடுக்கவும் உங்களிடம் ஆதாரம் இருக்கும்.

7. வேகமான மோடம் எப்போதும் வேகமானதா?

தொலைபேசி லைனில் இயங்கிய கடை கார்டு இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பரிவர்த்தனைக்கு அது அனுப்பிப் பெறுவது சில நூறு பைட். வி.34 மோடம் லைனை அளந்து ஒத்துக்கொள்ளவே பத்து வினாடிக்கு மேல் பிடிக்கலாம். சில நூறு பைட்டை அனுப்ப அதற்கு ஒரு வினாடிகூட வேண்டாம். அதனால்தான் அந்த இயந்திரங்களைச் செய்தவர்கள் 1,200 பிட், 2,400 பிட் வேகத்தைத் தெரிந்தே தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பழைய தரங்களில் கைகுலுக்கல் சட்டென முடிந்துவிடும். எண்ணில் பதினான்கு மடங்கு சிறிய மோடம் வேலையை முன்னதாக முடிக்கிறது. எண்தான் வேகம் என்போர் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்? பின்னர் 2000-ல் வி.92 வந்தபோது, கைகுலுக்கலைச் சுருக்கும் வசதியைத் தரத்துக்குள்ளேயே சேர்த்தார்கள். இணையும் நேரமும் வேகத்தின் பகுதி என்பதைத் தரம் வகுத்தவர்களே ஏற்றுக்கொண்டார்கள்.

ஆக, அந்த வாதத்தின் நான்கு கூறில் ஒன்றும் நிற்கவில்லை. எண் ஒரு கணத்தின் அளவு. ஒட்டிய கட்டளை வரி பல வேளை பாதுகாப்பை அணைத்தது. பிழைதிருத்தம் வேகத்தைக் கூட்டியது. லைன் கோளாறு என்று சொன்னவற்றில் ஒரு பங்கு வீட்டுக்குள்ளேயும், இன்னொரு பங்கு சீரியல் போர்ட்டிலும் இருந்தது.

அமெரிக்க இணைய நிறுவனமான ஏஓஎல் தன் டயல்-அப் சேவையை 2025 செப்டம்பர் 30 அன்று நிறுத்திவிட்டது. அதனால் இந்த விவாதம் முடிந்துவிடவில்லை. செம்புக் கம்பியில் மோடம் வைத்து இன்னும் வேலை வாங்குவோருக்கும், அந்தக் காலத்தை எழுதுவோருக்கும் ஒரு வேண்டுகோள். ஏற்கெனவே சுருக்கிய கோப்பு ஒன்றை இறக்குங்கள். அது வந்து முடிய எத்தனை வினாடி ஆயிற்று என்று கடிகாரத்தில் பாருங்கள். பைட்டை வினாடியால் வகுங்கள். ஓர் அமைப்பை மாற்றியதும் அதே கோப்பை மறுபடி இறக்கி, மறுபடி வகுங்கள். கூடினால் வைத்துக்கொள்ளுங்கள், குறைந்தால் பழையபடி மாற்றுங்கள். திரையில் வரும் எண்ணை விட்டுவிட்டு, இந்த வகுத்தல் தரும் எண்ணை நம்புங்கள்.